ஆர் அந்தப் பத்துப் பேர்?

போன எபிசோட்டுக்குப் பிறகு வந்த கேள்விகளில ஒண்டை வேணுமெண்டே ஒலிப்பதிவில தொடாமல் இந்த மடலுக்கு எடுத்து வைச்சனான். கேள்வி இதுதான்: "வீட்டில ஒரு பிட்காயின் நோட் ஓடுது. ஏபிஐயில கேட்டால் கனெக்ஷன்ஸ் 10 எண்டு சொல்லுது. அது போதுமா?"

மைக்குக்கு முன்னால இருந்திருந்தால் "ஓம், போதும்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பன். அந்தப் பதில் பிழையில்லை. ஆனால் 10 என்ற அந்த இலக்கத்துக்குள்ளயே ஒரு கதை இருக்கு. பிட்காயின் கோர் மென்பொருள் தானாகத் தேடிப்போய்ப் பிடிக்கும் இணைப்புகள் சாதாரணமாக எட்டு. அதோட பிளாக்குகளை மட்டும் பரிமாறும் இணைப்புகள் இரண்டு. எட்டும் இரண்டும் பத்து. வெளியில இருந்து மற்றவை வந்து இணையக்கூடியதாக இருந்தால் மொத்தம் 125 வரை போகலாம். ஆகவே உங்கட நோட் எப்பவும் சரியா 10லேயே நிண்டால், உங்களிட்ட ஒருத்தரும் வரேல்லை, நீங்கள்தான் எல்லாரிட்டயும் போறீங்கள் எண்டு அர்த்தம். கேள்வி கேட்டவர் தன்ர ரூட்டரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. 8333ஆம் போர்ட் மூடியிருக்கெண்டு அந்த இலக்கமே எனக்குச் சொல்லிப்போட்டுது.

சரி, இந்தப் பியர்கள் என்னத்துக்கு? பிட்காயினுக்கு ஒரு தலைமை சேர்வர் கிடையாது. உங்கட நோட்டுக்கு உலகத்தில என்ன நடக்குதெண்டு தெரியிறது இணைந்திருக்கிற பியர்கள் சொல்லித்தான். ஆனால் அவை சொல்வதை அது அப்படியே நம்பாது. ஒவ்வொரு கையெழுத்தையும் தானே சரிபார்க்கும், ஒரே காசு இரண்டு தரம் செலவழிக்கப்பட்டதா எண்டு பார்க்கும், பிளாக்கைச் செய்ய உண்மையாகவே கணிப்பு வேலை செலவழிக்கப்பட்டதா எண்டு பார்க்கும். பொய் சொன்ன பியரைப் பிடிச்சு வெட்டிவிடும். ஆனால் ஒருத்தரும் தனக்குச் சொல்லாத ஒரு விசயத்தை அது எப்படிச் சரிபார்க்கும்?

இது எங்கட அப்பா அம்மாமாருக்குச் சட்டெண்டு விளங்கிற விசயம். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு செய்தி டென்மார்க்குக்கு வரோணுமெண்டால் அது கொழும்புக்கு வந்த ஆரோ ஒருத்தரின்ர வாயால, அல்லது கிழமைக்கணக்கில பயணம் செய்த கடிதத்தால வரோணும். ஒரு செய்தி வந்தால் அப்பா முதல் கேக்கிறது "ஆர் சொன்னது?" எண்டுதான். இரண்டாவது, "அவருக்கு ஆர் சொன்னது?" ஒருத்தரை ஒருத்தர் தெரியாத இரண்டு பேரிட்ட இருந்து ஒரே செய்தி வந்தால்தான் நம்புவார். மூண்டு பேர் சொல்லியும், அந்த மூண்டு பேருக்கும் சொன்னது ஒரே ஆள் எண்டு தெரிஞ்சால் அது அவருக்கு ஒரு ஆள்தான்.

இனி என்ர கதை. நான் இருக்கிறது பிரெடெரிசியாவில. கெல்டருக்குள்ள, கோட்டுகள் தொங்கிற இடத்துக்குப் பக்கத்தில, ஒரு ராஸ்பெரி பை, 2 டெராபைட் எஸ்எஸ்டி. சும்மா பொழுதுபோக்குக்காகத் தொடங்கினதுதான். ஆனால் இப்ப அதை நம்பி ஐந்து பேர் இருக்கினம். சித்தப்பா பிள்ளையள், மாமி பிள்ளையள் எண்டு நாங்கள் ஐந்து பேர் ஒரு சேமிப்பு வைச்சிருக்கிறம். அம்மாமார் சீட்டுப் பிடிச்ச மாதிரித்தான். ஒரே வித்தியாசம், இது பிட்காயினில, ஐந்து பேரில மூண்டு பேர் கையெழுத்து வைச்சால்தான் காசு வெளிய போகும். ஐந்து பேரின்ர வாலெட்டும் கேக்கிறது என்ர கெல்டரில இருக்கிற அந்த நோட்டிட்டத்தான்.

போன மாரியில ஒரு பின்னேரம் ஹெர்னிங்கில இருக்கிற தம்பி போன் எடுத்தான். "அண்ணா, ஒரு மணித்தியாலத்துக்கு முதல் அனுப்பினது இன்னும் ஒரு கன்ஃபர்மேஷனும் வரேல்லை. நோட் விழுந்திட்டுதோ?" அவன் அனுப்பினது காருக்குக் கட்டவேண்டிய காசை மாத்திறதுக்கு. பார்த்தன். நோட் விழேல்லை. கனெக்ஷன்ஸ் 10. எல்லாம் பச்சை. ஆனால் கடைசியா வந்த பிளாக்குக்கு வயது 70 நிமிசம்.

பிட்காயினில ஒரு பிளாக் சராசரியா பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வரும். அப்ப 70 நிமிசம் ஒண்டும் வராமல் இருந்தால் இரண்டு விளக்கம்தான் இருக்கு. ஒண்டு, உலகம் முழுக்கவே இன்னும் பிளாக் கிடைக்கேல்லை. மற்றது, உலகத்துக்குக் கிடைச்சிட்டுது, எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. 10 என்ற இலக்கத்தைப் பார்த்து இரண்டில எது எண்டு சொல்லவே ஏலாது.

முதல் விளக்கம் நீங்கள் நினைக்கிறதை விடச் சாதாரணம். பிளாக் கண்டுபிடிக்கிறது தாயம் போடுற மாதிரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் 400 இடைவெளியில ஒண்டு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 144 பிளாக். ஆகவே மூண்டு நாளைக்கு ஒருக்கா இப்படி ஒரு நீண்ட அமைதி வரத்தான் செய்யும். மென்பொருளுக்கும் இது தெரியும். அரை மணித்தியாலமாகப் புதுப் பிளாக் இல்லையெண்டால் தான் பழைய செய்தியோட நிக்கிறனோ எண்டு சந்தேகப்பட்டு, வழக்கத்துக்கு மேலதிகமா இன்னொரு பியரைத் தேடிப் பிடிக்கும். எனக்கு அந்தப் பண்பு பிடிக்கும். மனிசருக்கும் இருந்தால் நல்லம்.

ஆனால் தம்பிக்குப் பதில் சொல்லோணுமே. அங்கதான் 'கெட் பியர் இன்ஃபோ' வருது. நோட்டின் ஆர்பிசியில அந்த ஒரு சொல்லைக் கேட்டால் ஒவ்வொரு பியருக்கும் ஒரு முழு ஜேசன் பதிவு வரும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் முதல் பார்க்கிறது 'இன்பவுண்ட்' என்ற புலத்தை. அது பொய் எண்டால் அந்தப் பியரை என்ர நோட் தெரிவு செய்திருக்கு, உண்மை எண்டால் அவர் என்னைத் தெரிவு செய்திருக்கிறார். இது சின்ன வித்தியாசமில்லை. உங்களை ஏமாத்த நினைக்கிற ஒருத்தர் நூறு மெஷினில இருந்து உங்கட கதவைத் தட்டலாம். நீங்களாகத் தேடிப்போற பத்துப் பேரையும் அவர் தன்ர ஆக்களாக மாத்திறது எவ்வளவோ கஷ்டம்.

அடுத்தது 'கான் டைம்', இணைப்பு எப்ப தொடங்கினது எண்ட நேரம். நோட்டை நான் ரீஸ்டார்ட் பண்ணாமல் இருக்க, பத்து இணைப்பும் ஒரே அரை மணித்தியாலத்துக்குள்ள தொடங்கியிருந்தால் எனக்கு நித்திரை வராது. 'லாஸ்ட் பிளாக்' அந்தப் பியர் கடைசியா எப்ப எனக்கொரு பிளாக் தந்தவர் எண்டு சொல்லும். 'சிங்க்ட் பிளாக்ஸ்' என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவா இருக்கிற கடைசி பிளாக்கின் இலக்கம். பத்துப் பேரிட்டயும் அது ஒரே இலக்கமா இருந்தால் சந்தோசம். அதுகூட அந்தப் பத்துப் பேரும் வேற வேற ஆக்களா இருந்தால்தான்.

அண்டைக்குப் பார்த்ததில இணைப்புகள் பழசு, சிலது நாட்கணக்கில நிண்டது. இரண்டு டோர் வழியா, மிச்சம் பல நாட்டு முகவரிகள். பிறகு போனை வைஃபையில இருந்து வெட்டி, மொபைல் டேட்டாவில ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து கடைசி பிளாக்கின் ஹாஷை ஒப்பிட்டன். இலக்கத்தை மட்டும் ஒப்பிடாதேங்கோ, ஹாஷை ஒப்பிடுங்கோ. ஒரே உயரத்தில இரண்டு பிளாக் இருக்கலாம், ஒரே ஹாஷில இருக்காது. இரண்டும் ஒண்டுதான். "உலகமே காத்துக்கொண்டிருக்கு, நீயும் இரு" எண்டு தம்பிக்குச் சொன்னன். கொஞ்ச நேரத்தில பிளாக் வந்திட்டுது.

இது வெறும் கற்பனைப் பயமில்லை. 2015இல் ஈதன் ஹெயில்மன், அலிசன் கெண்ட்லர், அவிவ் சோஹர், ஷேரன் கோல்ட்பெர்க் என்ற நாலு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினவை. பெயர் 'எக்லிப்ஸ்' தாக்குதல், அதாவது கிரகணம். சூரியன் அங்கதான் இருக்கு, உங்களுக்கு மட்டும் தெரியாது. அவையின்ர முறை பொறுமையானது. நோட் தனக்குத் தெரிந்த முகவரிகளை ஒரு அட்டவணையில வைச்சிருக்கும். அதைத் தாக்குபவர் கொஞ்சம் கொஞ்சமா தன்ர முகவரிகளால நிரப்புவார். பிறகு நோட் ரீஸ்டார்ட் ஆகும்வரை காத்திருப்பார். அப்டேட், கரண்ட் கட், ஏதோ ஒண்டு வரத்தானே போகுது. திரும்ப எழும்பின நோட் அட்டவணையில இருந்து பியர்களைத் தெரிவு செய்யும்போது எல்லாமே அவரின்ர ஆக்கள். 4600 கணினிகள் கொண்ட ஒரு பொட்நெட் இருந்தால் தாக்குபவருக்கு மிக மோசமான சூழ்நிலையிலும் 85 சதவீதத்துக்கு மேல வெற்றி வாய்ப்பு எண்டு கணக்குக் காட்டினவை. எத்தேரியத்தில 2018இல் இதே குழுவைச் சேர்ந்தவர்கள் இரண்டே இரண்டு மெஷினோட அதைச் செய்யலாம் எண்டு காட்ட, கெத் மென்பொருள் 1.8ஆம் பதிப்பில திருத்தினது.

பிட்காயின் கோரிலயும் கனக்கத் திருத்தம் வந்தது. முகவரி அட்டவணைகள் நாலு மடங்கு பெருசாச்சு. 2021 ஜனவரியில வந்த 0.21 பதிப்பில இருந்து, நோட் நிக்கும்போது அந்த இரண்டு பிளாக்-மட்டும் பியர்களின் முகவரியை ஒரு கோப்பில எழுதி வைச்சிட்டுத்தான் நிக்கும், எழும்பினதும் முதல் அவையிட்டத்தான் போகும். அந்தக் கோப்புக்குப் பெயர் 'ஆங்கர்ஸ்'. நங்கூரம். எனக்குப் பிடிச்ச பெயர்.

இந்தத் தாக்குதலுக்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கு. பத்தில ஒன்பதைப் பிடிச்சாலும் பிரயோசனமில்லை. ஒரேயொரு நேர்மையான பியர் மிச்சமிருந்தால் அதிக வேலை செலவான உண்மையான சங்கிலி அந்த ஒரு வழியால வந்து சேர்ந்திடும். பிரெடெரிசியாவில வளர்ந்த ஆளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1849 மே மாதம் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் படை வந்து எங்கட நகரத்தை முற்றுகையிட்டது. நிலப்பக்கம் முழுக்க அவையின்ர பீரங்கி. ஆனால் கடல் பக்கம், ஃபியூன் தீவைப் பார்த்த பக்கம், திறந்தே கிடந்தது. அந்த வழியால படகுகளில படையினர் உள்ள வந்து சேர, ஜூலை 6ஆம் தேதி விடியமுதல் உள்ள இருந்தவை வெளிய பாய்ந்து முற்றுகையை உடைச்சினம். ஒவ்வொரு வருசமும் ஜூலை 6இல ஊர்வலம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பள்ளிக்கூடப் பாடம். எனக்கு இப்ப அது ஒன்பது இணைப்பு பிடிபட்டும் ஒண்டு பிடிபடாத கதை.

சரி, அந்த ஒண்டு உண்மையிலேயே வேற வழியா? அதே கடலைக் கடக்கிற ரயிலைப் பாருங்கோ. கொப்பன்ஹேகனில இருந்து ஆர்ஹுஸ் போறது, எஸ்பியர்க் போறது எண்டு எத்தினை ரயில் பிரெடெரிசியாவில வந்து நிண்டாலும் எல்லாம் 1935இல் திறந்த பழைய லில்லபெல்ட் பாலத்தாலதான் வருது. 1970இல் வந்த புதுப்பாலத்தில கார்தான் ஓடும். அட்டவணையில பத்து ரயில், தண்டவாளம் ஒண்டு. பியர்களும் அப்படித்தான். நோட் தானாகத் தெரிவு செய்யிற பியர்களில இரண்டு பேர் ஒரே /16 முகவரித் தொகுதியில இருக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்திட்ட அப்படிப் பல தொகுதி இருக்கு. பத்து வேற வேற முகவரி, ஒரே கட்டடம். 2022 நவம்பர் 2ஆம் தேதி ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன்ர சேர்வர்களில ஓடின சொலானா வாலிடேட்டர்களை வெட்டிவிட்டது. அந்த வலையமைப்பின் பங்கு வைப்பில ஏறத்தாழ ஐந்தில ஒரு பகுதி ஒரே நாளில காணாமல் போனது. சொலானா நிக்கேல்லை எண்டது உண்மை. எண்டாலும் பட்டியலில தனித்தனிப் பெயராகத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே வீட்டுக்காரரின்ர குடியிருப்பாளர்கள் எண்டு அண்டைக்குத்தான் கனபேருக்குத் தெரிஞ்சது.

அதனால 'ஏஎஸ்மேப்' கோப்பொண்டை நோட்டுக்குக் குடுங்கோ. எந்த முகவரி எந்த வலையமைப்பு நிறுவனத்தின்ர எண்டு சொல்லிற வரைபடம் அது. குடுத்தால் கெட் பியர் இன்ஃபோவில 'மாப்ட் ஏஎஸ்' எண்டு ஒரு இலக்கம் கூட வரும். என்ர பத்துப் பேரில எத்தினை வேறு வேறு இலக்கம் எண்டு எண்ணுறதுதான் நான் உண்மையில பார்க்கிற கணக்கு. ஜேசன் வாசிக்கப் பஞ்சியெண்டால் 'பிட்காயின் சிஎல்ஐ'யில 'நெட்இன்ஃபோ 4' எண்டு போடுங்கோ, வடிவான அட்டவணையாகத் தரும்.

எத்தேரியம் ஓட்டுறவைக்கு ஒரு குறிப்பு. 2022 செப்டம்பர் மேர்ஜுக்குப் பிறகு உங்களிட்ட ஓடுறது இரண்டு மென்பொருள், இரண்டுக்கும் தனித்தனிப் பியர்கள். ஒண்டை மட்டும் பார்த்திட்டு நிம்மதியா இருக்காதேங்கோ. எக்ஸிகியூஷன் பக்கத்தில 'நெட் பியர் கவுண்ட்' கேட்டால் பதில் 16 அடி எண்ணாக வரும். முன்னுக்குப் பூச்சியமும் எக்ஸும் போட்டு 32 எண்டு வந்தால் அது முப்பத்திரண்டில்லை, ஐம்பது. பீக்கன் ஏபிஐ சாதாரண இலக்கத்தைத் தரும், ஆனால் மேற்கோள் குறிக்குள்ள, சொல்லாக. ஒப்பிட முதல் எண்ணாக மாத்துங்கோ.

அதோட ஒரு எச்சரிக்கை. பியரைப் பார்க்கிற அதே ஏபிஐ காசையும் அசைக்கக்கூடும். 2018 ஜூனில சீனாவின் 360 நெட்லேப் வெளியிட்ட தகவல் இது: எத்தேரியத்தின் 8545 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைச்சிருந்தவையிட்ட இருந்து ஒரு குழு 38,000க்கு மேற்பட்ட ஈதர் களவெடுத்திருந்தது, அண்டைய பெறுமதியில 2 கோடி டொலருக்கு மேல. வெளியூரில இருந்து பார்க்க ஆசையெண்டால் போர்ட்டைத் திறக்காமல் விபிஎன் வழியா வாங்கோ. பிட்காயின் கோரில 'ஆர்பிசி வைட்லிஸ்ட்' எண்டு ஒண்டு இருக்கு. கண்காணிக்கிற பயனருக்கு கெட் பியர் இன்ஃபோ மட்டும் போதும், வாலெட்டைத் தொட விடாதேங்கோ. பியர் பட்டியலின்ர ஸ்க்ரீன்ஷொட்டைக் குரூப் சாட்டில போடவும் வேண்டாம். அதில இருக்கிறது மற்றவையின்ர வீட்டு ஐபி.

இதெல்லாம் தினமும் கையால செய்யேலாது. காலமை ஆறு மணிக்கு ஒரு சின்னப் பைத்தன் ஸ்கிரிப்ட் ஓடி நாலு விசயம் எழுதி வைக்கும்: உள்வந்தது எத்தினை, வெளிப்போனது எத்தினை, எத்தினை வேறு நிறுவனம், கடைசி பிளாக்கின் வயது. மொத்த இலக்கத்தை நான் எழுதுறதே இல்லை. ஒக்டோபரில ஒரு நாள் உள்வந்தது 31இல் இருந்து 0 ஆச்சு. வெளிப்போனது அதே 10. விசாரிச்சால் எங்கட இணைய நிறுவனம் ஒரு பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கிடத் தொடங்கியிருக்கு, ஒரு அறிவித்தலும் இல்லாமல். என்ர போர்ட் இருந்தும் இல்லாத மாதிரி. நோட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் புதுசாத் தொடங்கிற ஒரு நோட்டுக்கு நான் இனிப் பிளாக் குடுக்க ஏலாது. எல்லாரும் எடுத்துக்கொண்டே இருந்தால் குடுக்கிறது ஆர்? டோர் வழியா ஒரு ஒனியன் முகவரி திறந்தன், அதுக்கு ரூட்டரில போர்ட் தேவையில்லை. இப்ப உள்வந்தது பத்துப் பன்னிரண்டு நிக்குது.

மிச்சமிருக்கிற ஓட்டை வேற இடத்தில. என்ர நோட்டுக்குப் பியர்கள் நிறைய. தம்பியின்ர வாலெட்டுக்கு? ஒண்டுதான், நான். என்ர நோட் சொல்லாததை அந்த நாலு பேரின்ர வாலெட்டும் அறியாது. சொந்தக்காரன்தானே எண்டு அவை நம்பினம், ஆனால் நம்புறது என்னை இல்லை, கெல்டரில இருக்கிற ஒரு எஸ்எஸ்டியையும் பங்கிட்ட ஒரு ஐபியையும். ஆகவே ஹெர்னிங்கில இரண்டாவது நோட் வருது, வேற இணைய நிறுவனம், வேற மென்பொருள் பதிப்பு. முதல் தரவிறக்கம் முடிய அந்தச் சின்ன மெஷினுக்குக் கன நாள் எடுக்கும். தம்பி நேற்று அனுப்பின படத்தில 41 சதவீதம், இன்பவுண்ட் 0, அவுட்பவுண்ட் 10.